ஆர்கனுக்கு கத்திக்குத்து! மெட்டிலும் கைவரிசை!!

லண்டனில் 1970-ல் கீத் எமர்சன், கிரெக் லேக், கார்ல் பாமர் என்ற 3 வாலிபர்கள் கூட்டு சேர்ந்து ராக் இசைக்குழு தொடங்கினார்கள். மூவர் பெயரே குழுவின் பெயர்.

எமர்சன் மேடையில் ஆர்கன் கட்டைகளுக்கு நடுவே கத்தியைச் செருகுவார். அழுத்திய சுரம் விடாமல் அலறும். ரசிகர்களுக்கு ஒரே குஷி!

ஆனால் நிஜமான கைவரிசை மெட்டில்தான். அந்த ஆண்டே வந்த முதல் இசைத்தட்டில் "காட்டுமிராண்டி" என்று பொருள்படும் உருப்படி, ஹங்கேரி மேதை பார்டோக் 1911-ல் பியானோவுக்கு எழுதியது. "கத்திமுனை" என்ற பாட்டு, செக் மேதை யானாசெக்கின் சரக்கு. நடுவில் ஜெர்மனியின் பாக் வேறு எட்டிப்பார்க்கிறார்! முதலில் வந்த தட்டுகள் சிலவற்றில் இவர்கள் பெயரையே காணோம். பிறகுதான் சேர்த்தார்கள்.

1971 மார்ச்சில் நியூகாசில் நகர மண்டபத்தில் ரஷ்ய மேதை முசோர்க்ஸ்கியின் "கண்காட்சிச் சித்திரங்கள்" வாசித்தார்கள். இந்த முறை ஒளிவுமறைவு இல்லை. தட்டுக்குத் தலைப்பே அதுதான்.