செம்புச் சுரங்கத்தின் வாய்க்காலும் தங்கவயலின் காவிரியும்

தாம்பரத்தைச் சுற்றி எருமையூர், சிக்கராயபுரம் பக்கமெல்லாம் கைவிட்ட கல்குவாரிகள் இருக்கு. கல் எடுக்கிற வரைக்கும் மோட்டார் போட்டுத் தண்ணியை இறைச்சுக்கிட்டே இருப்பாங்க. மோட்டாரை நிறுத்தினால் ஊற்றும் மழையும் சேர்ந்து குழி குளமாகிடும். 2017 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரித் தண்ணியைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தது நினைவிருக்கும். சில நூறு அடிக் குழிக்கே இப்படி என்றால், மோட்டாரே இல்லாத காலத்தில் ஆழச் சுரங்கம் தோண்டினவர்கள் என்ன செய்தார்கள்?

தண்ணியை வெளியேற்றத் தண்ணியையே வேலை வாங்கினார்கள்.

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் மேரி டேவி என்று ஒரு ஊர். அங்கே இருந்த செம்புச் சுரங்கத்தின் பெயர் வீல் ஃபிரண்ட்ஷிப். (இந்த 'வீல்' சக்கரம் இல்லை. கார்ன்வால் மொழியில் சுரங்க வேலை நடக்கிற இடம். ஆனால் அங்கே நிஜச் சக்கரங்களும் நிறைய இருந்தது வேடிக்கைதான்.) 1798இல் அதன் மேலாளராக வந்த ஜான் டெய்லருக்கு அப்போது வயது 19. அந்தப் பகுதியில் நிலக்கரி கிடையாது; நீராவி எஞ்சினுக்கு வேண்டிய கரியைக் கப்பலில் கொண்டுவரணும். மலையில் மழைக்கும் ஓடைக்கும் மட்டும் பஞ்சமில்லை.

அதனால் ஆற்றை மேலே தொலைவிலேயே மறித்து, மலைச்சரிவை ஒட்டி வாய்க்கால் வெட்டினார்கள். நம்ம ஊர் அணைக்கட்டு வாய்க்கால் மாதிரிதான். ஆறு சரசரவென்று இறங்கிப் போகும். வாய்க்கால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். சுரங்கத்துக்கு வந்து சேரும்போது வாய்க்கால் ஆற்றைவிட நல்ல உயரத்தில் இருக்கும். அந்த உயரம்தான் ஆற்றல். தண்ணி பெரிய மரச் சக்கரத்தின் உச்சியில் விழும், தொட்டிகள் நிறையும், எடையில் சக்கரம் சுற்றும். அச்சில் மாட்டின தண்டு முன்னும் பின்னும் போய் சுரங்கத்துக்குள் இருக்கிற பம்பை இழுக்கும். வெளியே வந்த தண்ணியை வீணாக்காமல் கீழே இருக்கிற அடுத்த சக்கரத்துக்கு விடுவார்கள். அது கல்லை நொறுக்கும்.

இன்றைக்கு இப்படிப்பட்ட இடங்களில் சக்கரம் இருக்காது. மரம் மக்கிப் போச்சு, இரும்பை விலைக்குப் போட்டாச்சு. மிஞ்சுவது சக்கரம் நின்ற குழி: நீளமாக, குறுகலாக, கல் கட்டியது. அதன் நீளமும் ஆழமும் சக்கரத்தின் விட்டத்தைச் சொல்லும். பக்கச் சுவரில் சக்கரம் உரசின வளைகோடு இருந்தால் இன்னும் துல்லியம். வாய்க்காலின் மட்டத்தை அளந்தால் தண்ணி எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்று தெரியும். இரண்டையும் சேர்த்தால் பம்பின் பலத்தைக் கணக்குப் போடலாம். மேரி டேவியில் இன்னொரு விசேஷம்: 1930களில் அங்கே கட்டின நீர்மின் நிலையம் பழைய சுரங்க வாய்க்கால்களையே பயன்படுத்திக்கொண்டது.

இந்த முறைக்கு ஒரு எல்லை இருந்தது. சுரங்கத்தை ஆற்றங்கரைக்கு நகர்த்த முடியாது. ஸ்வீடன், ஜெர்மனி சுரங்கங்களில் ஆற்றில் சுற்றும் சக்கரத்திலிருந்து மரத்தண்டுகளை ஒன்றோடொன்று கோர்த்து, மேடு பள்ளம் தாண்டிச் சில கிலோமீட்டருக்கு அசைவை அனுப்பினார்கள். உராய்விலேயே பாதி பலம் போயிடும். அதற்கு மேல் முடியலை.

இப்போ கோலாருக்கு வருவோம். அந்த ஜான் டெய்லரின் பெயரில் தொடர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம்தான் 1880இல் கோலார் தங்கவயலைக் கையில் எடுத்தது. உள்ளே இறங்கினவர்கள் பெரும்பாலும் வட ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள். ஆழம் போகப் போக இறைக்கவும் ஏற்றவும் நீராவி; அதற்குக் கரியும் விறகும். பக்கத்தில் ஓடுவது பாலாறு. அங்கே அது சின்ன ஆறு, சக்கரம் சுற்ற லாயக்கில்லை.

148 கிலோமீட்டர் தள்ளி, சிவசமுத்திரத்தில் காவிரி விழுந்துகொண்டிருந்தது. அங்கே விசையாழி வைத்து, 35,000 வோல்ட் கம்பி இழுத்து, 1902 ஜூன் 30 அன்று தங்கவயலுக்கு மின்சாரம் விட்டார்கள். பெங்களூருக்கு மின்விளக்கு வந்ததே 1905இல்தான்! மரத்தண்டு செய்த அதே வேலையைத்தான் கம்பி செய்தது, ஆனால் நூறு மைல் அளவுக்கு.

அதனால் தங்கவயலில் போய் சக்கரக்குழி தேடினால் கிடைக்காது. அங்கே பார்க்கக் கிடைப்பது இரும்புத் தூக்குக் கோபுரங்களும் சயனைடு மண்மேடுகளும். நீராற்றலின் எச்சங்கள் முழுக்கக் காவிரிக்கரையில். அதில் மிகப் பெரியது கிருஷ்ணராஜசாகர் என்பேன். கோடையில் காவிரி மெலிந்தால் சிவசமுத்திரம் தளரும், சுரங்கம் தவிக்கும். வருஷம் முழுக்கச் சீராகத் தண்ணி விடணும் என்பது 1911இல் தொடங்கிய அந்த அணைக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. பாசனம் இன்னொன்று.

விசையாழி தண்ணியைக் குடிப்பதில்லை. சுற்றிவிட்டு ஆற்றிலேயே விட்டுடும். அப்புறம் சென்னை மாகாணம் ஏன் எதிர்த்தது? தேக்கினால் தண்ணி வரும் நேரம் மாறும், டெல்டாவுக்கு நேரம்தான் உயிர். கூடவே புதுப் பாசனம் வந்தால் அளவும் குறையும். 1914இல் நடுவர் தீர்ப்பு, அதன்மேல் மேல்முறையீடு, கடைசியில் 1924 ஒப்பந்தம். அதை வைத்துத்தான் மேட்டூர் அணை, 1934இல் முடிந்தது. காவிரிப் பேச்சில் நெல் வரும், கரும்பு வரும். தங்கம் வருவதே இல்லை. எனக்கு இது பெரிய விடுபடலாகத்தான் படுது.

மேட்டூர்த் தண்ணி கொள்ளிடம், வடவாறு வழியாக வீராணத்துக்கு வந்து, 2004 முதல் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து சென்னைக்கு வருது. சிவசமுத்திரத்தில் ஆற்றலை மட்டும் அனுப்பினோம். இங்கே தண்ணியையே, மின்சாரம் செலவழித்துத் தள்ளுகிறோம்.

தங்கவயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம் அது. பிறகு பம்புகளும் நின்றன. உள்ளே தண்ணி ஏறிவிட்டது.