துப்பாக்கி யாருடைய உரிமை?

மொத்தம் 27 வார்த்தைகள். அதற்காக எத்தனை வழக்கு! 1791-ல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்ந்த இரண்டாவது திருத்தம் முதலில் குடிப்படையைப் பற்றிப் பேசுகிறது. பிறகு, ஆயுதம் வைத்துக்கொள்ள மக்களுக்குள்ள உரிமையில் கை வைக்கக் கூடாது என்கிறது. உரிமை படைக்கா, தனி மனிதருக்கா?

வாஷிங்டன் நகரில் வீட்டில்கூடக் கைத்துப்பாக்கிக்குத் தடை இருந்தது. டிக் ஹெல்லர் என்ற காவலாளி வழக்குத் தொடுத்தார். 2008-ல் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் ஐவர் தனி மனிதருக்கே என்றார்கள், நால்வர் மறுத்தார்கள்.

அப்படியானால், வீட்டுப் பெண்ணை அடித்து மிரட்டுகிறவனுக்குமா? அதுவும் கோர்ட்டுக்கு வந்தது. அவளுக்கு ஆபத்தானவன் என்று கண்டு கோர்ட் தடையுத்தரவு போட்டிருந்தால், அது நீடிக்கும்வரை அவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லும் என்று 2024-ல் எட்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஒருவர் மட்டும் மறுத்தார்.

உரிமை தனி மனிதருடையதுதான். ஆனால் பயமில்லாமல் தூங்க அவளுக்கும் உரிமை உண்டல்லவா?