விற்கக் கூடாத மருந்தை யார் தயாரிப்பார்?

என் தமையனார் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அறுவைச் சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆறாம் நாள் காய்ச்சல் கண்டது. ரத்தத்தில் க்ளெப்சியெல்லா என்னும் பாக்டீரியா. ஆய்வக அறிக்கையில் மருந்துகளின் பெயர்களுக்கு எதிரே ஏறக்குறைய எல்லா வரியிலும் 'பலனளிக்காது' என்றே இருந்தது. கடைசியில், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று மருத்துவர்கள் முன்பு ஒதுக்கிவைத்திருந்த கோலிஸ்டின்தான் கைகொடுத்தது. அவர் பிழைத்தார், அடுத்த படுக்கையில் இருந்தவர் பிழைக்கவில்லை.

க்ளெப்சியெல்லா நம் குடலில் சாதாரணமாக வாழ்வதுதான். சிறுநீர் வடிகுழாய், செயற்கைச் சுவாசக் குழாய் வழியாக உடலுக்குள் புகும்போது ஆபத்தாகிறது. கார்பாபெனம் போன்ற வலிமையான மருந்துகளையே சிதைக்கும் நொதியை அதன் சில வகைகள் உருவாக்குகின்றன. அதற்கான மரபணு பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் இருப்பதால், வேறு இன பாக்டீரியாவுக்கும் கைமாறுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அண்மை ஆண்டறிக்கைகளின்படி, பெரிய மருத்துவமனைகளில் திரட்டிய க்ளெப்சியெல்லா மாதிரிகளில் பாதிக்கு மேல் கார்பாபெனத்துக்கு மசிவதில்லை. எதிர்ப்பாற்றல் பெற்ற பாக்டீரியாக்கள் 2019-இல் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் மரணங்களுக்கு நேரடிக் காரணமாக இருந்தன என்று 'தி லான்செட்' ஆய்வு மதிப்பிட்டது.

வகுப்பில் 'புறவிளைவு' என்ற பாடத்துக்கு ஆலைப் புகையைத்தான் எப்போதும் உதாரணம் காட்டுவேன். அதே நாள்களில், வைரஸால் வரும் சளிக்கு மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கியிருக்கிறேன். மாத்திரைக்கு விலை கொடுத்தேன். அம்மருந்து ஊருக்கெல்லாம் இழந்த வீரியத்துக்குக் கொடுக்கவில்லை. முக்கியமான ஆன்டிபயாடிக்குகளின் விற்பனையைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்ற 'எச்1' விதி 2014-இல் நடைமுறைக்கு வந்தது. அப்பதிவேட்டை எத்தனை கடைகளில் புரட்டிப் பார்க்கிறார்கள்?

புதிய மருந்து வந்துவிடாதா என்று கேட்கலாம். சந்தைக்கு அதில் ஆர்வமில்லை. புதிய ஆன்டிபயாடிக்கைப் பூட்டிவைத்து, வேறு வழியில்லாதபோது மட்டுமே தருபவரே நல்ல மருத்துவர். விற்பனை குறையக் குறைய மருந்தின் ஆயுள் கூடும். நிறுவனத்தின் ஆயுள் குறையும். அமெரிக்காவின் அக்காவோஜென் நிறுவனம் தயாரித்த பிளசோமைசினுக்கு 2018 ஜூனில் அனுமதி கிடைத்தது. 2019 ஏப்ரலில் நிறுவனம் திவாலானது.

பிரிட்டன் 2022-இல் வேறு வழியில் இறங்கியது. இரண்டு மருந்துகளுக்கு, எவ்வளவு பயன்படுத்தினாலும், ஆண்டுக்கு நிலையான தொகை தரத் தொடங்கியது. ஊர்க் காவலருக்குப் பிடித்த திருடர்களின் எண்ணிக்கைக்கேற்பவா கூலி கொடுத்தோம்? அந்த அளவுக்குச் செலவிட நம் மாநிலத்தால் இயலாது. ஆனால், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், கடைசிக் கட்ட மருந்துகள் சிலவற்றுக்கேனும் இம்முறையைச் சிறிய அளவில் சோதித்துப் பார்க்கலாம். கூடவே மாவட்ட மருத்துவமனைகளின் நுண்ணுயிரியல் ஆய்வகங்களுக்கும், கைகழுவும் திரவத்துக்கும் பணம் வேண்டும். தமையனாரின் அறை வாசலில் மாட்டியிருந்த புட்டி, நான் போன நாளெல்லாம் காலியாகவே இருந்தது.