சட்டைப் பொத்தானுக்காக உயிரைக் கொடுத்த ஊர்!

தாத்தா காலத்துச் சட்டை ஏதாவது உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறதா? இருந்தால், அதன் பொத்தானை வெயிலில் காட்டிப் பாருங்கள். பார்வைக்கு வெள்ளையாக இருக்கும். கொஞ்சம் திருப்பினால், இளஞ்சிவப்பும் பச்சையுமாக மினுங்கும்.

அப்படி மினுங்கினால், அது கடல் சிப்பியில் கடைந்த பொத்தான்.

பிளாஸ்டிக் வருவதற்கு முன், உலகம் முழுவதும் நல்ல சட்டைக்கு இந்தப் பொத்தான்தான். அதற்கு வேண்டிய சிப்பியில் பெரும் பகுதி, ஒரு காலத்தில் ஒரே ஊரிலிருந்து கப்பல் ஏறியது. அந்த ஊரின் பெயர் புரூம்.

எங்கே இருக்கிறது?

ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில் கிம்பர்லி என்ற பகுதி இருக்கிறது. அதன் கடற்கரையில் உள்ள ஊர் புரூம். மாநிலத் தலைநகரான பெர்த்திலிருந்து காரில் போனால் 1,300 மைலுக்கு மேல்! நம் ஊர் கன்னியாகுமரியில் புறப்பட்டு, ஆந்திராவையும் தாண்டிப் போகிற தூரம். வழி நெடுகப் புதர்க்காடுதான். ஊர்கள் மிகக் குறைவு.

இவ்வளவு தூரத்தில் இருக்கும் புரூமில் வசிப்பவர்கள் சுமார் 15 ஆயிரம் பேர்தான்.

அங்கே மண் செக்கச் சிவந்திருக்கும். கடல் பச்சை கலந்த நீலம். மணல் வெள்ளை. மூன்றும் ஒரே இடத்தில் சேருகின்றன. ஆண்டில் பாதி மழையும் புழுக்கமும் புயலும். மறுபாதியில் ஒரு பொட்டு மழை விழுவதே அதிசயம்.

இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் யாவுரு என்ற பழங்குடி மக்கள். வெள்ளைக்காரர்கள் 1883-ல் அங்கே ஊர் அமைத்து, அப்போதைய கவர்னரின் பெயரை வைத்தார்கள். யாவுரு மக்களின் நில உரிமையை கோர்ட்டு ஒப்புக்கொண்டது 2006-ல்தான்.

ஓடிப் போகும் கடல்

புரூமுக்குப் புதிதாகப் போகிறவர்கள் முதலில் வியப்பது கடலைப் பார்த்துத்தான்.

காலையில் கரையைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீர், மதியம் பார்த்தால் காணோம்! வெகு தூரம் பின்வாங்கிப் போயிருக்கும். அந்த இடமெல்லாம் சேறும் சகதியுமாகக் கிடக்கும். சில மணி நேரத்தில் தண்ணீர் திரும்பி வந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 30 அடிக்கு மேல். மூன்று மாடி வீட்டின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய துறையில் கட்டிய கப்பல்கள், தண்ணீர் வற்றியதும் தரையில் உட்கார்ந்துவிடும்.

சேறு என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். புழுவும் நத்தையும் நிறைந்த சேறு அது. அதைத் தின்பதற்காக ஒவ்வோர் ஆண்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பறவைகள் ரோபக் வளைகுடாவுக்கு வருகின்றன. எங்கிருந்து தெரியுமா? பல பறவைகள் சைபீரியாவிலிருந்து!

தண்ணீர் மிகவும் வற்றும்போது, பாறைகளில் பெரிய பெரிய காலடித் தடங்கள் தெரியும். சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்துபோன டைனோசர்களின் தடங்கள். புரூமுக்கு வடக்கே உள்ள கரையில் மட்டும் 21 வகைத் தடங்கள் இருப்பதாக 2017-ல் வந்த ஆராய்ச்சி சொல்கிறது.

முத்துக்காக அல்ல, ஓட்டுக்காக!

தூத்துக்குடியிலும் மன்னாரிலும் நடந்த முத்துச் சலாபம் பற்றி நாம் அறிவோம். அங்கே சிப்பி உள்ளங்கையில் அடங்கும். அதை எடுப்பது உள்ளே இருக்கும் முத்துக்காக.

புரூமில் கதை தலைகீழ். அங்குள்ள சிப்பி, சாப்பாட்டுத் தட்டு அளவு வளரும். முத்துச்சிப்பி இனத்திலேயே மிகப் பெரியது அதுதான். அதன் ஓட்டை அறுத்தால் பொத்தான், கத்திப்பிடி, சீப்பு எல்லாம் செய்யலாம். ஆகவே முதலாளிகள் தேடியது ஓட்டைத்தான். உள்ளே முத்து இருந்தால் அது அதிர்ஷ்டம்.

அப்படிக் கிடைத்த முத்துகளில் பெயர் பெற்றது, 1917-ல் கிடைத்த 'மேற்கின் நட்சத்திரம்'. சிட்டுக்குருவி முட்டை அளவு! மேல் தோலில் குறை உள்ள முத்தை, வெங்காயம் உரிப்பது போல் மெல்ல உரித்து, அடியில் உள்ள நல்ல முத்தை வெளியே கொண்டுவருவது ஒரு தனி வித்தை. அதில் புரூமில் பெயர் வாங்கியவர் எல்லிஸ் என்பவர். இலங்கையிலிருந்து போன சிங்களவர்.

கர்ப்பிணிகளையும் விடவில்லை

சரி, சிப்பியைக் கடலுக்குள் இறங்கி எடுத்தது யார்?

முதலில் பழங்குடி மக்கள். விரும்பிப் போனவர்கள் அல்லர். பலரைப் பிடித்துக்கொண்டு போய்ப் படகில் ஏற்றினார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு, வெறும் உடம்போடு குதிக்க வேண்டும். பெண்களையும் குதிக்க வைத்தார்கள். கர்ப்பிணிகளுக்கு அதிக நேரம் மூச்சு நிற்கும் என்று முதலாளிகள் நம்பினார்களாம்! இந்தக் கொடுமை வெளியே பேசப்பட்டு, பெண்களை முக்குளிக்க வைக்கக்கூடாது என்று 1871-ல் சட்டம் வந்தது.

இன்று புரூம் கடற்கரையில் ஒரு சிலை நிற்கிறது. கையில் சிப்பியோடு தண்ணீரிலிருந்து எழும் கர்ப்பிணிப் பெண்ணின் சிலை.

செம்புத் தொப்பி

கரையோரச் சிப்பி தீர்ந்தது. ஆழத்துக்குப் போகவேண்டி வந்தது. 1880-களில் முக்குளிக்கும் உடுப்பு வந்து சேர்ந்தது. தலைக்குச் செம்புக் கூடு. உடம்புக்குத் தடித்த கித்தான் துணி. காலுக்கு ஈயம் பதித்த பூட்சு. படகில் இருப்பவர்கள் பம்பைச் சுற்றிக் காற்று அனுப்புவார்கள். ரப்பர் குழாய் வழியாக அது கீழே போகும். பம்பு நின்றால் மூச்சும் நின்றது!

முக்குளிப்பவர் கடலின் அடியில் நடந்துகொண்டே சிப்பி பொறுக்குவார். மேலே படகு மெதுவாக மிதந்து போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு. அதை இழுத்து இழுத்துத்தான் பேச்சு.

இந்த வேலைக்கு ஜப்பானியர்கள் வந்தார்கள். பலர் வாகயாமா மாவட்டத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். மலாய்க்காரர்களும் பிலிப்பினோக்களும் தைமூர்க்காரர்களும் படகுகளில் வேலை செய்தார்கள். 1910-ல் சுமார் 400 படகுகள், 3,500-க்கு மேல் ஆட்கள்! உலகிலேயே பெரிய சிப்பித் துறை அதுதான்.

சோடா பாட்டில் போல

கூலி, எடுத்த சிப்பியின் எடைக்கு. ஆகவே ஒவ்வொருவரும் அதிக நேரம் அடியில் இருக்கப் பார்த்தார்கள். அங்கேதான் எமன் காத்திருந்தான்.

சோடா பாட்டிலைத் திறந்தால் என்ன ஆகிறது? அமுக்கி வைத்த காற்று, குமிழி குமிழியாகப் பொங்கி வருகிறது. மனிதன் ஆழத்தில் இருக்கும்போது, அழுத்தத்தினால் காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்துவிடும். மெல்ல மெல்ல மேலே வந்தால் அது மூச்சோடு வெளியே போய்விடும். வேகமாக வந்தாலோ ரத்தத்துக்குள்ளேயே குமிழி கட்டும். மூட்டு மூட்டாக வலிக்கும். முதுகுத் தண்டில் ஏறினால் கைகால் விளங்காது. பலருக்கு உயிரே போய்விட்டது.

அன்று தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஆளை மறுபடியும் தண்ணீருக்குள் இறக்கி, மணிக்கணக்கில் கயிற்றில் தொங்கவிடுவது!

1914-ஆம் ஆண்டில் மட்டும் இந்த நோய்க்கு 33 பேர் பலி. அதே ஆண்டில்தான், நோயாளியை உள்ளே வைத்துக் காற்றழுத்தம் கொடுக்கும் இரும்புக் கூண்டு ஒன்று புரூமுக்கு வந்தது. அந்தக் கூண்டை இப்போதும் ஊர்ப் பூங்காவில் பார்க்கலாம்.

கடலின் அடியில் நோய் என்றால், மேலே புயல். 1908-ல் அடித்த புயலில் சுமார் 150 பேர். 1935 மார்ச்சில், லாசெபீட் தீவுகளுக்கு அருகே 140 பேருக்கு மேல். படகோடு போனவர்கள் அநேகர்.

புரூமில் ஜப்பானியர் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே 707 கல்லறைகள். அடங்கியிருப்பவர்கள் 919 பேர்.

வெள்ளைக்காரர் இறங்கினால்?

"ஆஸ்திரேலியா வெள்ளையருக்கே" என்று சட்டம் போட்டிருந்த காலம் அது. ஆனாலும் சிப்பி வேலைக்கு மட்டும் ஆசியக்காரர்களை விட்டுவைத்தார்கள். இது அரசாங்கத்துக்குக் கசப்பாக இருந்தது. 1912-ல் இங்கிலாந்திலிருந்து கடற்படைப் பயிற்சி பெற்ற ஆட்களை வரவழைத்து இறக்கினார்கள். சிப்பி கொஞ்சம்தான் கிடைத்தது. வெபர் என்பவர் அதே ஆண்டில் முக்குளிப்பு நோய் கண்டு இறந்தார். திட்டம் கைவிடப்பட்டது. மறுபடியும் ஜப்பானியர்களே இறங்கினார்கள். சாவதற்கு மட்டும் நிறம் தடையில்லை போலும்!

குண்டு விழுந்த காலை

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் இறங்கியதும், புரூமில் இருந்த ஜப்பானியர்களைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். 1942 மார்ச் 3-ந் தேதி காலையில் ஜப்பானிய விமானங்கள் வந்தன. வளைகுடாவில் மிதக்கும் விமானங்கள் நின்றிருந்தன. அவற்றில் ஜாவாவிலிருந்து தப்பி வந்த டச்சுக் குடும்பங்கள் இருந்தன. பெண்களும் குழந்தைகளும் உள்பட குறைந்தது 88 பேர் மாண்டார்கள். கடல் நன்றாக வற்றும் நாட்களில், எரிந்த விமானங்களின் எலும்புக்கூடுகள் இன்றும் சேற்றில் தெரிகின்றன.

பொத்தான் போனது, முத்து வந்தது

போருக்குப் பின், 1953-ல் ஜப்பானிய முக்குளிப்பவர்கள் திரும்பி வந்தார்கள். ஆனால் அவர்களை விடப் பெரிய போட்டிக்காரன் வந்துவிட்டான். பிளாஸ்டிக்! காலணாவுக்குக் கை நிறையப் பொத்தான் கிடைக்கும்போது சிப்பியை யார் வாங்குவார்கள்? படகுகள் கரையில் கிடந்து உளுத்தன.

ஊரைக் காப்பாற்றியது வளர்ப்பு முத்து. இதற்கு 1922-ல் தடை போட்டிருந்தார்கள். இயற்கை முத்தின் விலை விழுந்துவிடும் என்ற பயம். 1949-ல் தடை நீங்கியது. 1956-ல் புரூமுக்கு வடக்கே குரி வளைகுடாவில் முதல் முத்துப் பண்ணை தொடங்கியது.

உயிருள்ள சிப்பியை லேசாகத் திறந்து, ஒரு சிறு மணியை உள்ளே வைக்கிறார்கள். கூடவே இன்னொரு சிப்பியின் சதையில் ஒரு துணுக்கு. பிறகு கடலில் தொங்கவிட்டு, பாசி படியாமல் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். சுமார் இரண்டு ஆண்டில் மணியைச் சுற்றி முத்து விளையும். பெரிய, வெண்ணிற முத்து. உலக நகைக்கடைகளில் இதற்குத் தனி மதிப்பு.

பண்ணைக்கு வேண்டிய சிப்பியை இப்போதும் எண்பது மைல் கடற்கரைப் பகுதியில் ஆட்கள் இறங்கிக் கையால் எடுக்கிறார்கள். ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று அரசாங்கம் அளவு கட்டியிருக்கிறது. மேலே வருவதற்கும் நேரக் கணக்கு உண்டு.

முத்துடன், ஆடுமாடு ஏற்றுமதியும் உல்லாசப் பயணிகளும் ஊருக்குச் சோறு போடுகிறார்கள். 14 மைல் நீளமுள்ள கேபிள் கடற்கரையில் ஒட்டகச் சவாரி கூட உண்டு! வடக்கே பெரிய எரிவாயு ஆலை கட்ட ஒரு திட்டம் வந்தது. திமிங்கிலமும் டைனோசர் தடமும் என்ன ஆவது என்று ஊரில் பலர் எதிர்த்தார்கள். வேலை கிடைக்குமே என்று சிலர் ஆதரித்தார்கள். பழங்குடி மக்களிடையேயும் இரு கட்சி. 2013-ல் கம்பெனி அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

1970 முதல் புரூமில் ஆண்டுதோறும் முத்துத் திருவிழா நடக்கிறது. 'ஷின்ஜு மத்சுரி' என்று ஜப்பானியப் பெயரே அதற்கு. ஜப்பானியர், சீனர், மலாய்க்காரர் கொண்டாடிய தனித்தனி விழாக்கள் ஒன்றாகச் சேர்ந்து உண்டான விழா. அதில் ஓர் இரவு, ஊரார் காகித விளக்குகளை ஏற்றிக் கடலில் மிதக்கவிடுகிறார்கள். இறந்தவர்களின் பெயரை எழுதி விடுகிறவர்களும் உண்டு. கடல் பின்வாங்கும்போது, அந்த விளக்குகளும் அதோடு போய்விடுகின்றன.