வெள்ளாடு வளர்ப்பு: பத்து ஆட்டுக் கணக்கு

போன மாசம் சித்தப்பா மகன் போன் பண்ணினான். துபாய் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிடப் போகிறானாம். "அண்ணே, 100 ஆடு வாங்கிப் போட்டு பண்ணை வைக்கலாம்னு இருக்கேன். பாதிக்குப் பாதி மானியமாம். நீங்க என்ன சொல்லுதீங்க?" என்றான்.

ஊர் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் பூமி. ரெண்டு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருக்கிறது. அவன் கையில் இருப்பது பதினோரு வருஷச் சேமிப்பு. ஆட்டோடு அவனுக்கு இருக்கும் பழக்கம், பள்ளிக்கூட லீவில் ஆச்சியின் மூன்று ஆட்டைப் பத்திக்கொண்டு போனது மட்டும்தான். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை, சரி என்று சொல்லவும் பயமாக இருந்தது. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு கால்நடை மருத்துவர், கிடை போடுகிற இரண்டு பேர், பண்ணை வைத்து மூடிய ஒருவர் ஆகியோரிடம் பேசியதையும், படித்ததில் தேறியதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆச்சிக்கு ஏன் கட்டுபடியானது?

2019 கால்நடைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 99 லட்சம் வெள்ளாடுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை வீட்டுக்கு நாலு, ஐந்து, பத்து என்று இருப்பவை. இவை காலையில் அவிழ்த்துவிட்டால் கண்மாய்க்கரை, தரிசு, வேலியோரம் என்று மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பும். தீவனத்துக்குக் காசு கிடையாது, ஆளுக்குக் கூலி கிடையாது. அதனால் ஆச்சிக்கு ஆடு என்பது காலோடு நடக்கும் உண்டியல். பேத்தி சடங்குக்கு ஒன்று, ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒன்று என்று விற்றுக்கொள்ளலாம்.

பண்ணை வைப்பவர் இந்த இரண்டையும் காசு கொடுத்து வாங்குகிறார். ஆடு அதே ஆடுதான், கணக்கு மட்டும் வேறு. இது புரியாமல் இறங்கியவர்கள்தான் பெரும்பாலும் ரெண்டு வருஷத்தில் கொட்டகையை விலை பேசுகிறார்கள்.

காகிதக் கணக்கு

பத்துப் பெட்டை, ஒரு கிடா என்று வைத்துக்கொள்வோம். வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். ரெண்டு வருஷத்தில் மூன்று ஈத்து, ஈத்துக்கு ரெண்டு குட்டி. அப்படியானால் வருஷத்துக்கு 30 குட்டி. ஒரு குட்டி 18 கிலோவில் விற்கிறது, உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்று பிடித்தால் 2,16,000 ரூபாய். வீடியோக்களில் இந்த இடத்தில்தான் பாட்டுப் போடுவார்கள்.

இனி தொழுவத்துக்குள் போவோம். ஆடு பருவத்துக்கு வருவதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த வாய்ப்பு மூன்று வாரம் கழித்துத்தான். ரெண்டு தடவை விட்டால் ஒன்றரை மாசம் போச்சு. முதல் ஈத்தில் பெரும்பாலும் ஒற்றைக் குட்டி. சில குட்டி மழைக்காலத்தில் சளி பிடித்துச் சாகும். ஆகவே பத்து மாசத்துக்கு ஒரு ஈத்து, சராசரி ஒன்றரைக் குட்டி என்று போட்டேன். 18 குட்டி வருகிறது. மூன்று சாகிறது, மூன்று பெட்டைக்குட்டியைப் பெருக்கத்துக்கு வைத்துக்கொள்கிறோம். விற்க மிஞ்சுவது 12. வரவு 86,400 ரூபாய்.

செலவு? பெரிய ஆட்டுக்குத் தினம் 200 கிராம், குட்டிக்கு 100 கிராம் அடர்தீவனம், கிலோ 30 ரூபாய் என்று போட்டால் வருஷத்துக்கு 35,000 வரும். மருந்து, தாது உப்பு, காப்பீடு எல்லாம் சேர்த்து 8,000. மிச்சம் சுமார் 43,000. மாசம் 3,600 ரூபாய்! அதுவும் நம்முடைய உழைப்புக்குக் கூலி போடாமல்.

பசுந்தீவனத்தை இன்னும் சேர்க்கவே இல்லை. பெரிய ஆடு ஒன்றுக்குத் தினம் 4 கிலோ என்றால் 11 ஆட்டுக்கு வருஷம் 16 டன். அதைக் கிலோ 3 ரூபாய்க்கு வெளியில் வாங்கினால் 48,000. மிச்சம் 43,000-ல் இதைக் கழித்தால் கையில் இருந்து 5,000 போகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

விலைகள் ஊருக்கு ஊர் மாறும், அவரவர் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். ஆனால் முடிவு பெரிதாக மாறாது: தீவனம் சொந்த நிலத்தில் விளைந்தால் தொழில், வாங்கிப் போட்டால் நஷ்டம். எனவே முதல் வேலை ஆடு வாங்குவது இல்லை, தீவனம் நடுவது.

முதலில் தீவனம்

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லான கோ-4, கோ-5 கரணைகளை நட்டால் முதல் அறுப்பு 75, 80 நாளில் கிடைக்கும். பிறகு 45 நாளுக்கு ஒரு அறுப்பு. ஆனால் வெள்ளாடு செம்மறி மாதிரி புல்லே கதி என்று கிடக்காது, அண்ணாந்து பார்த்துக் கடிக்கிற ஜாதி. தழைதான் அதற்கு விருந்து. வேலிமசால், அகத்தி, கிளைரிசிடியா, முருங்கை எல்லாம் வரப்பிலும் வேலியிலும் வைத்துவிடலாம். சூபாபுல்லும் நல்லதுதான், ஆனால் அதில் மைமோசின் என்கிற நச்சு உண்டு. மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் முடி கொட்டும். பத்து ஆட்டுக்குத் தண்ணீருள்ள அரை ஏக்கர் ஒதுக்கினால் கையைக் கடிக்காது.

கரிசல் காட்டுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இளஞ்சோளத்திலும், வாடிய சோளத்திலும், அறுத்த தூரில் துளிர்க்கும் குருத்திலும் சயனைடு விஷம் இருக்கும். மேய்ந்த கொஞ்ச நேரத்தில் ஆடு விழுந்துவிடும். சோளத்தைப் பூத்த பிறகே அறுத்துப் போடவும்.

எந்த ஆடு, எங்கே வாங்குவது?

தூத்துக்குடி, விருதுநகர் பக்கம் கன்னி ஆடும் கொடி ஆடும் மண்ணுக்குப் பழகியவை. கருப்பில் வெள்ளைக் கோடு இருந்தால் பால்கன்னி, செம்பழுப்புக் கோடு இருந்தால் செங்கன்னி. கொடி ஆடு உயரமாக, ஒல்லியாக, நடைக்குச் சளைக்காமல் இருக்கும். சேலம், தருமபுரி பக்கம் சேலம் கருப்பு. கொட்டிலில் அடைத்து வளர்க்கிறவர்கள் தலைச்சேரியை விரும்புகிறார்கள், ரெட்டைக் குட்டி அடிக்கடி போடும் என்பதால். போயர், ஜமுனாபாரி என்று ஆயிரக்கணக்கில் கொடுத்து ஆரம்பிக்க வேண்டாம். பழகும் காலத்தில் ஒரு ஆடு செத்தாலும் தாங்குகிற விலையில் வாங்குங்கள்.

எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தை விலை தெரிந்துகொள்ள நல்ல இடம். தாய் ஆடு வாங்க அது இடமில்லை. நன்றாகக் குட்டி போட்டு ஊட்டுகிற பெட்டையை யார் சந்தைக்குப் பத்துவார்? அங்கே பல ஊர் ஆடு கலப்பதால் நோயும் கூடவே வரும். கிடைக்காரரிடம் நேரில் போய் வாங்குவதே மேல். வாயைத் திறந்து பாருங்கள். முன்பல் ரெண்டு முளைத்திருந்தால் ஒன்று, ஒன்றேகால் வயசு, நாலு பல் என்றால் சுமார் ரெண்டு வயசு. இந்த இரண்டு வயசுதான் வாங்க ஏற்றது. மடியை அமுக்கிப் பாருங்கள், கட்டி இருக்கக் கூடாது, ரெண்டு காம்பும் சரியாக இருக்க வேண்டும். கிடாவை வேறு மந்தையில் வாங்குங்கள், ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இல்லாவிட்டால் அப்பனே மகளைச் சேர்ந்து குட்டிகள் நோஞ்சானாகும்.

குட்டியில்தான் லாபம்

பிறந்த அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். ரெண்டு கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லியாவது. நோயைத் தாங்கும் சக்தி அதில்தான் வருகிறது. தொப்புளில் அயோடின் தடவுங்கள். தரை ஈரம் ஆகக் கூடாது. கொட்டகை பனை ஓலையில் இருந்தாலும் ஆட்டுக்குக் கவலை இல்லை, பெரிய ஆட்டுக்கு 10, 12 சதுர அடி, காற்று, காய்ந்த தரை போதும். கட்டிடத்தில் போடும் லட்சம் ஒரு குட்டியும் போடாது.

ஆட்டுக்கொல்லி நோய் மந்தையையே வாரிக்கொண்டு போகும். அதற்குத் தடுப்பூசி மூன்று மாத வயசுக்கு மேல் போட்டால் மூன்று வருஷம் தாங்கும். துள்ளுமாரிக்கு வருஷாவருஷம் மழைக்கு முன்னால். குடற்புழு மருந்தை மழைக்கு முன்னும் பின்னும் மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கணும். புதிதாக வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டிப் பார்த்துவிட்டே மந்தையில் சேர்க்கணும்.

மானியமும் திரும்ப வாங்குகிறவர்களும்

தேசிய கால்நடை இயக்கத்தில் மூலதனச் செலவில் 50 சதவீத மானியம் உண்டு. ஆனால் அது 100 பெட்டை, 5 கிடாவில் தொடங்குகிறது. தம்பி 100 என்று சொன்னது ஆட்டைப் பார்த்து இல்லை, மானியத்தைப் பார்த்து. மீதிப் பாதி நம்முடைய காசு அல்லது கடன் என்பது அப்புறம்தான் உறைக்கும். பத்து ஆட்டில் மூன்று குட்டி செத்தால் பாடம். நூறு ஆட்டில் அதே தப்பைச் செய்தால் முப்பது குட்டி.

"குட்டியை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று முன்பணம் கேட்பவர்களிடம் ரெண்டு மடங்கு ஜாக்கிரதை வேண்டும். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் ஜனங்கள் பணத்தை விட்டது மறந்திருக்காது. ஈமுவுக்கு வாங்க ஆளில்லை. ஆட்டுக்கு ஒவ்வொரு ஊரிலும் ஆள் உண்டு. நடுவில் ஒருவர் உத்தரவாதம் தர வேண்டிய அவசியமே இல்லை. பக்ரீத், தீபாவளி, கோவில் கொடை நேரங்களில் கிடா தயாராக இருக்கும்படி சேர்க்கையைத் திட்டமிட்டால் விலை தானாக வரும். பக்ரீத் வருஷத்துக்கு 10, 11 நாள் முன்னால் நகரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தம்பிக்குச் சொன்னது

இன்று வாங்கும் பெட்டை சினையாகி, குட்டி போட்டு, குட்டி விற்கும் எடைக்கு வர 15 மாசமாவது ஆகும். அதுவரை வீட்டுச் செலவுக்குத் தனியாகப் பணம் வேண்டும். இதைச் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்ப வேண்டாம்ங்கீங்களா?" என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வருஷம் தீவனம், அடுத்து பத்து ஆடு, ரெண்டு ஈத்துப் பார்த்த பிறகு, பிறந்த பெட்டைக்குட்டிகளிலிருந்தே முப்பது, நாற்பது. அப்போது தெரிந்தே நூறுக்குப் போகலாம், மானியமும் கேட்கலாம். அதற்குள் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் உழவர் பயிற்சி மையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஒரு பயிற்சி எடுத்துக்கொள் என்றேன்.

போன வாரம் போட்டோ அனுப்பியிருந்தான். கிணற்றை ஒட்டி அரை ஏக்கரில் கரணை நட்டு, வரப்பில் அகத்தி விதைத்திருக்கிறான். கிடைக்காரர் ஒருவரிடம் பேசி அந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டானாம். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பார்களே, அதை நம்பி. சொந்த ஆடு இன்னும் ஒன்றுகூட வாங்கவில்லை.