கொழுந்தும் குலமும்

மரஞ்செடி பற்றிய சொற்களும் உறவுமுறைச் சொற்களும் ஒரே வேரினின்று கிளைத்தல் பல மொழிகளிற் காணப்பெறும் இயல்பு. இதற்கு இலத்தீன் மொழி சிறந்த சான்றாகும்.

பண்டைய உரோமர் உழுகுடியினர். திராட்சை வளர்ப்பதில் தேர்ந்தவர். கொடியை வளைத்து மண்ணிற் புதைத்து வேர்விடச் செய்வதை நாம் பதியம் என்கிறோம். அவ்வாறு வேர்விட்ட கொடியை அவர்கள் ‘புரோபாகோ’ என்றனர். அச்சொல்லே வழித்தோன்றலையும் குறித்தது. 1622இல் கிறித்துவ சமயத்தைப் பரப்புதற்கு உரோமில் அமைக்கப்பெற்ற பேராயத்தின் பெயரில் இதன் வினைவடிவம் இடம்பெற்றது. ‘பிரொபகாண்டா’ என்னும் சொல் அதன்வழி வந்ததே.

‘ஸ்டிர்ப்ஸ்’ என்பது அடிமரம். அதுவே குலமும் ஆயிற்று. ‘சுபோலெஸ்’ என்பது பக்கக்கன்று. அதுவே மகவும் ஆயிற்று. ‘கெர்மென்’ என்பது முளை. ஒரே முளையினர் என்னும் கருத்தில் உடன்பிறந்தான் ‘கெர்மானுஸ்’ எனப்பட்டான். ஸ்பானிய மொழியில் இது ‘எர்மானோ’ எனத் திரிந்து இன்றும் சகோதரனைக் குறிக்கிறது.

உறவுச்சொல் மரத்திற்குச் சென்றதும் உண்டு. ‘மாத்தெர்’ தாய், கிளைகளை ஈனும் நடுமரம் ‘மாத்தெரியா’. 1753இல் லின்னேயஸ் தாவரங்களை வகைப்படுத்தியபோது பேரினத்திற்கு வழங்கிய ‘கெனுஸ்’ என்னும் சொல்லும் பிறப்பு, குடி என்னும் பொருளுடையதே.

தமிழிலும் இவ்விரு போக்கும் உள. கிளை என்னும் சொல் சுற்றத்தைக் குறிக்கும். சுற்றத்தார் கிளைஞர் ஆவர். மறுபுறம், பிள்ளை, குழவி, கன்று ஆகிய இளமைப் பெயர்கள் ஓரறிவுயிர்க்கும் உரியன என்று தொல்காப்பிய மரபியல் கூறும். தென்னம்பிள்ளை இன்றும் நம் வழக்கில் உள்ளது. அரபியில் மரத்தைக் குறிக்கும் ‘ஷஜரா’ தலைமுறைப் பட்டியலுக்கும் பெயராதல் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இலத்தீனில் ‘லிபெர்’ என்பது மரப்பட்டை. ‘லீபெரி’ என்பது மக்கட்பேறு. இவற்றையும் ஒரு வேரின என்று கருதத் தோன்றும். ஆனால் முன்னது குறில், பின்னது நெடில். பின்னது ‘உரிமையுடையோர்’ என்னும் பொருளில் எழுந்த வேறு சொல். கல்லும் காலும் ஒன்றாகாமை போல இவையும் ஒன்றாகா. ஒலியொப்புமை கண்ட அளவிலேயே உறவு கற்பித்தல் சொல்லாய்வில் நம்மவரிடையே மலிந்துவிட்ட குறை. இரு சொற்களை உடன்பிறப்புகள் என்று கூறுமுன் அவற்றின் வேரைத் தோண்டிப் பார்த்தல் ஆய்வு மாணவரின் கடனாகும்.