வன்தட்டு எங்கே போனது?

கணினிப் பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தாங்களே பூட்டிக்கொள்ளும் இளையர்கள் இன்று பலர் உள்ளனர். கோலாலம்பூரின் லோ யாட் பிளாசா, சிங்கப்பூரின் சிம் லிம் சதுக்கம் போன்ற இடங்களில் தாய்ப்பலகை, நினைவகம், மின்வழங்கி, வன்தட்டு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து வாங்கலாம். பாகங்களைப் பூட்டி முடித்து விசையை அழுத்தியதும் விசிறி சுழல்கிறது, திரை ஒளிர்கிறது. ஆனால், வன்தட்டை மட்டும் காணவில்லை! உடனே, “வன்தட்டு பழுதாகிவிட்டது” என்று முடிவுகட்டலாமா? கூடாது. நல்ல நிலையிலுள்ள வன்தட்டும் பல காரணங்களால் கணினிக்குப் புலப்படாமல் போகலாம்.

வன்தட்டு கணினியின் சேமிப்புக் கிடங்காகும். மின்சாரம் நின்றாலும் அதிலுள்ள தரவுகள் அழிவதில்லை. 1956ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் முதல் வன்தட்டை அறிமுகப்படுத்தியது. 50 தட்டுகளைக் கொண்ட அக்கருவியில் ஏறக்குறைய 5 மில்லியன் எழுத்துகளையே சேமிக்க முடிந்தது. இன்றோ, உள்ளங்கையில் அடங்கும் வன்தட்டு பல்லாயிரம் படங்களையும் காணொளிகளையும் தாங்குகிறது. ஆகவே, அதனைக் கவனமாகக் கையாள வேண்டும்.

சோதனையைத் தொடங்கும் முன் கணினியை அணைத்து, மின்வடத்தைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும். கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்னை நீக்கிக்கொள்வதும் அவசியம்.

முதலில் வடங்களைக் கவனிப்போம். ‘சாட்டா’ வகை வன்தட்டுக்கு இரண்டு இணைப்புகள் தேவை. 7 முனைகளைக் கொண்ட குறுகிய இணைப்பு, தாய்ப்பலகைக்குத் தரவைக் கொண்டு செல்கிறது. 15 முனைகளைக் கொண்ட அகன்ற இணைப்பு, மின்வழங்கியிலிருந்து மின்சாரத்தைப் பெறுகிறது. தரவு வடத்தை மட்டும் செருகினால் தட்டு சுழலாது. மின்வடத்தை மட்டும் செருகினால் தட்டு சுழலும். ஆனால், கணினிக்கு அது தெரியாது. எனவே, இரண்டும் இறுகப் பொருந்தியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். வேறொரு மின்வழங்கிக்குரிய வடத்தைப் பயன்படுத்தவே கூடாது. செருகி பொருந்தினாலும் உள்ளிருக்கும் கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். அதனால் வன்தட்டு கருகிவிடக்கூடும்.

அடுத்து, தரவு வடத்தைத் தாய்ப்பலகையின் வேறொரு துறையில் செருகிப் பார்க்கலாம். சில தாய்ப்பலகைகளில் ‘எம்.2’ வகைச் சேமிப்பகத்தைப் பொருத்தினால், சில சாட்டா துறைகள் செயலிழந்துவிடும். எந்தத் துறை அவ்வாறு செயலிழக்கும் என்பதைத் தாய்ப்பலகையின் கையேடு தெளிவாகக் கூறும்.

மூன்றாவதாக, ‘பயாஸ்’ எனப்படும் அடிப்படை அமைப்புத் திரையைப் பார்க்க வேண்டும். கணினி தொடங்கும்போது ‘டிலீட்’ அல்லது ‘எஃப் 2’ விசையை அழுத்தினால், பெரும்பாலான கணினிகளில் இத்திரை தோன்றும். வன்தட்டின் பெயர் அங்கு இல்லையென்றால் வடம், துறை அல்லது வன்தட்டில்தான் சிக்கல். பெயர் இருந்தால் கணினி அதை அடையாளம் கண்டுவிட்டது என்று பொருள். அப்படியானால், இயங்குதளத்தில்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

புதிய வன்தட்டு, அறைகள் பிரிக்கப்படாத வீட்டைப் போன்றது. அதைப் பயன்படுத்தும் முன் தயார்ப்படுத்த வேண்டும். விண்டோஸ் இயங்குதளத்தில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்னும் கருவி இதற்கு உதவுகிறது. அதில் வன்தட்டைத் தொடக்கநிலைப்படுத்தி, பகுதிகளாகப் பிரித்து, வடிவமைத்தால் அது பயன்பாட்டுக்கு வந்துவிடும். 2 டெராபைட்டைவிடப் பெரிய வன்தட்டுக்கு ‘ஜிபிடி’ முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்குதான் மிகுந்த எச்சரிக்கை தேவை. பழைய வன்தட்டைப் புதிய கணினியில் பூட்டியிருந்தால், “வடிவமைக்கவா?” என்று கணினி கேட்டாலும் சம்மதிக்கக்கூடாது. தாத்தா பாட்டியின் படங்கள், பள்ளி இடுபணிகள் முதலியவை ஒரே சொடுக்கில் கைவிட்டுப் போகலாம். வன்தட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்று விட்டுவிட்டு ஒலி கேட்டால், உடனே கணினியை நிறுத்திவிட வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கினால் தரவை மீட்கும் வாய்ப்பு குறையும். அத்தகைய வன்தட்டைத் தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே நல்லது.

இவை அனைத்தையும் செய்தும் பயனில்லையெனில், வன்தட்டை மற்றொரு கணினியில் சோதிக்கலாம். அங்கும் தெரியாவிட்டால், பழுது வன்தட்டில்தான் இருக்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடியவில்லையென்றால் கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரே நேரத்தில் வடம், துறை, அமைப்பு மூன்றையும் மாற்றினால், எது சிக்கலைத் தீர்த்தது என்பது தெரியாமற்போகும். ஒவ்வொன்றாக மாற்றிச் சோதிப்பதே அறிவியல் முறை. ‘பதறாத காரியம் சிதறாது’ என்பது கணினிக்கும் பொருந்தும்.